எண் இருக்கிறது, ஒலி எங்கே?

சிந்தசைசரின் ஒலிகளுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுவது சலிப்பூட்டும் வேலை. அரைகுறையாக எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருமலையில் 500 ஆண்டு பழைய உதாரணம் ஒன்று உண்டு.

105 என்றால் சிதார். 106 என்றால் பாஞ்சோ. 112 ஷெனாய், அதற்கு முந்தைய 111 மேல்நாட்டு ஃபிடில், அடுத்த 113 குட்டி மணி. கீபோர்டு உற்பத்தியாளர்கள் 1991-ல் ஏற்றுக்கொண்ட 'ஜெனரல் மிடி' பட்டியல் இப்படித்தான் போகிறது. மொத்தம் 128 ஒலிகள். திருப்பதியில் பக்திப் பாடல் ஒலிப்பதிவுக்கு வாசிப்பவரோ, சித்தூரில் கல்யாணக் கச்சேரிக்கு வாசிப்பவரோ இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரே ஓர் எண் பிசகினால் வேங்கடவன் பாட்டில் சிதாருக்குப் பதில் பாஞ்சோ கேட்கும் என்பதை அவர்கள் மறக்க முடியாது.

பட்டியலில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானின் கோட்டோ, ஷாமிசென் இரண்டுக்கும் அதில் இடம் உண்டு. ஆப்பிரிக்காவின் கலிம்பாவுக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் பேக்பைப்புக்கும் உண்டு. இந்தியாவுக்குக் கிடைத்தது சிதாரும் ஷெனாயும்தான். வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை. தாள வாத்தியங்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட 10-வது சேனலில் போங்கோவும் கொங்காவும் இருக்கின்றன. மிருதங்கம், தவில், தபலா எதையும் காணோம்.

ஆகவே தெற்கத்திக் கோயில் இசைக்கு ஏற்ற ஒலி வேண்டுமென்றால் இந்தப் பொதுப் பட்டியலைத் தாண்டித்தான் போக வேண்டும். யமஹா கம்பெனி 'பி.எஸ்.ஆர்.-ஐ' என்ற வரிசையில் இந்தியச் சந்தையை மனதில் வைத்தே கீபோர்டுகளை வெளியிட்டது. ரோலண்டும் 'எக்ஸ்.பி.எஸ்.' வரிசையில் இந்திய ஒலிகளைச் சேர்த்தது. நல்ல விஷயம். ஆனால் சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். பொதுப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒலிகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும், சில சமயம் ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலும், தன் இஷ்டப்படி எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்களுக்கு என்ன பெயர் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாராவது உட்கார்ந்து எழுதித் தர வேண்டும்.

கேபிளில் போவது என்ன?

கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் 'மிடி' ஏற்பாடு 1983-ல் வந்தது. அதற்கு முன்னின்றவர்கள் இருவர்: அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்டு கம்பெனியைத் தொடங்கிய இகுடாரோ ககேஹாஷி. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு கம்பெனிகளின் கீபோர்டுகளையும் கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்ததை இன்னொன்றில் ஒலிக்க வைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகளின் கருவிகள் ஒரே பாஷை பேசியது அன்று அதிசயம். 2013-ல் இருவருக்கும் இதற்காகவே கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கேபிளில் இசை போவதில்லை என்பதுதான் பலர் கவனிக்கத் தவறும் விஷயம். போவதெல்லாம் கட்டளைகள். எந்தக் கட்டையை அழுத்தினார், எவ்வளவு வேகத்தில் அழுத்தினார், எப்போது விரலை எடுத்தார் என்ற விவரங்கள். எந்த ஒலியில் வாசிக்க வேண்டும் என்பதும் ஒரு கட்டளைதான். அதுவும் 0-விலிருந்து 127-க்குள் ஓர் எண். 'வீணை' என்ற சொல் கேபிளில் போகாது. வீணையின் நாதமும் போகாது. வெறும் எண் போகும். அதைப் பெற்றுக்கொள்ளும் கருவி அந்த எண்ணில் எதை வைத்திருக்கிறதோ, அது ஒலிக்கும்.

இப்படி எண்ணிட்டு வைத்த ஒலிக்கு 'பேட்ச்' என்று பெயர். ஆரம்பகால சிந்தசைசர்களில் ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் ஒயர்களால் இணைத்துத்தான் ஒலியை உண்டாக்கினார்கள். அந்த ஒயர் இணைப்பின் பெயர் ஒயர் போன பிறகும் நிலைத்துவிட்டது.

128 ஒலிகள் போதாமல் போனபோது 'பேங்க்' வந்தது. இரண்டு எண்கள் சேர்ந்து ஒரு பேங்கைக் குறிக்கும். ஒவ்வோர் எண்ணும் 128 வகை என்பதால் 16,384 பேங்குகள். ஒவ்வொன்றிலும் 128 ஒலிகள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒலிகளுக்கு விலாசம் தர இது போதும். மாவட்டம், தெரு, கதவு எண் என்று விலாசம் எழுதுவதைப் போலத்தான். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. விலாசம் மட்டும் மாறியது. பழைய கீபோர்டை விற்றுவிட்டு அதே கம்பெனியின் புது மாடலை வாங்குபவருக்கும் இதே அனுபவம் காத்திருக்கிறது. பழகிய புல்லாங்குழல் உள்ளே எங்கோ இருக்கிறது, வேறு விலாசத்தில்.

பட்டியல் எழுதும் முறை

ஒலிப்பதிவு சாஃப்ட்வேர்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1987-ல் வெளிவந்த 'கேக்வாக்', கருவிகளின் விவரத்தைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே வைத்திருந்தது. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஒரு வரிக்கு ஓர் எண், சமக்குறி, பெயர். அவ்வளவுதான். பிறகு வந்த 'ரீப்பர்' சாஃப்ட்வேரிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. முதலில் பேங்கின் இரண்டு எண்களும் அதன் பெயரும். கீழே வரிவரியாக ஒலி எண்ணும் ஒலியின் பெயரும். இதைச் செய்துவிட்டால் திரையில் வெறும் 37, 38 என்று தெரியாது. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

வேலைக்கு வேண்டிய முதல் பொருள் கருவியோடு வந்த கையேடு. அதன் கடைசிப் பக்கங்களில் ஒலிகளின் அட்டவணை இருக்கும். பேங்கின் மேல் எண், கீழ் எண், ஒலி எண், பெயர் என்று நான்கு பத்திகள். பலர் முதலில் தொலைப்பது இந்தப் பக்கங்களைத்தான். பெரிய கம்பெனிகள் பழைய கையேடுகளையும் இணையதளத்தில் வைத்திருப்பதால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

அடுத்தது எண்ணும் முறை. எல்லாத் தவறுகளும் பிறக்கும் இடம் இதுதான். கேபிளில் எண்கள் 0-விலிருந்து ஆரம்பிக்கின்றன. கையேடுகளோ பெரும்பாலும் 1-லிருந்து ஆரம்பிக்கின்றன. ஜெனரல் மிடி பட்டியலில் சிதார் 105 என்று அச்சிட்டிருந்தாலும் கேபிளில் போக வேண்டியது 104. இதை மறந்து பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதினால் எல்லா ஒலிகளும் ஒரு வீடு தள்ளிக் குடியேறிவிடும். திரையில் சிதார் என்று இருக்கும். காதில் பாஞ்சோ கேட்கும்.

கருவியின் முகப்பை நம்புவதும் ஆபத்து. 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 தன் 32 ஒலிகளை 1 முதல் 32 வரை எண்ணியது. 1988-ல் வந்த கோர்க் எம்-1 தன் 100 ஒலிகளை 00 முதல் 99 வரை எண்ணியது. 1987-ல் வந்த ரோலண்டு டி-50 இன்னும் விசேஷம். அதன் 64 ஒலிகளும் எட்டு எட்டாகப் பிரிக்கப்பட்டு 11-ல் ஆரம்பித்து 18 வரை போய், பிறகு 21-க்குத் தாவி, 88-ல் முடியும். முகப்பில் 21 என்று தெரியும் ஒலிக்குக் கேபிளில் எண் 8. 88-க்கு 63. எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தவர்களுக்குக் கஷ்டமில்லை.

மூன்றாவது பேங்க் கணக்கு. சில சாஃப்ட்வேர்கள் பேங்கின் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேட்கும். கேக்வாக் ஒரே எண்ணாகக் கேட்டது: மேல் எண்ணை 128-ஆல் பெருக்கி, கீழ் எண்ணைக் கூட்ட வேண்டும். 1994-ல் வந்து உலகெங்கும் ஸ்டுடியோக்களில் இடம் பிடித்த ரோலண்டு ஜே.வி.1080-ன் முதல் பேங்குக்கு மேல் எண் 81, கீழ் எண் 0. பெருக்கினால் 10,368. அடுத்த பேங்குக்குக் கீழ் எண் 1, ஆகவே 10,369. அந்தக் கருவியில் மொத்தம் 640 ஒலிகள். அதாவது 640 வரிகள். பிரபலமான கருவிகளுக்கு யாராவது ஏற்கனவே எழுதி வைத்த பட்டியல் கிடைக்கலாம். ஆனால் அதையும் சோதிக்காமல் நம்பக்கூடாது. ஒவ்வொரு பேங்கிலும் முதல் ஒலி, கடைசி ஒலி, நடுவில் ஒன்று என்று மூன்றை வாசித்துப் பார்த்தால் போதும். தவறு இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

பட்டியல் சரியாக இருந்தும் ஒலி மாறவில்லை என்றால் காரணம் வேறு. பேங்க் எண்ணை மட்டும் அனுப்பினால் கருவி அசையாது. அதைத் தொடர்ந்து ஒலி எண்ணும் வந்தால்தான் மாறும். மேல் எண், கீழ் எண், ஒலி எண் என்ற வரிசையும் முக்கியம். மூன்றும் முதல் ஸ்வரமும் ஒரே நொடியில் போய் விழுந்தால் பழைய கருவிகள் திணறும். பாட்டின் ஆரம்பத்தில் ஓர் ஆவர்த்தனம் காலியாக விட்டு, அதற்குள் இந்தக் கட்டளைகளை அனுப்பிவிடுவது அனுபவஸ்தர்களின் வழக்கம். கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எம்-1 போன்றவற்றில் தனி ஒலி நிலை, கூட்டு ஒலி நிலை என்று இரண்டு உண்டு. அதே எண்ணுக்கு இரண்டிலும் வேறு வேறு ஒலி.

காலியான டப்பாக்கள்

இத்தனை சிரமம் எதற்கு, வாசித்து அப்போதே பதிவு செய்துவிடலாமே என்று கேட்கலாம். இன்று கேட்கலாம். 1990களில் கணக்கு வேறு. ஐந்து நிமிடப் பாட்டை சி.டி. தரத்தில் ஒலியாகச் சேமிக்க சுமார் 50 மெகாபைட் வேண்டும். ஒரு ஃப்ளாப்பியின் கொள்ளளவோ 1.44 மெகாபைட். அதே பாட்டின் மிடி கட்டளைகள் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். சின்ன ஸ்டுடியோவுக்கு எது கட்டுப்படியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வெளிவந்த பிறகு, சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் கொண்ட ஓர் அறையில் முழுப் பாட்டையும் உருவாக்கலாம் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. திரைப்படத்தின் வசதிகள் இல்லாத சிறு நகரங்களுக்கு இந்த வழி இன்னும் பொருத்தமாக இருந்தது. பெரிய வாத்தியக் குழுவை அழைக்க முடியாதவர்கள் ஒரு கீபோர்டில் குழுவையே கொண்டு வந்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் சித்தூர், திருப்பதி பகுதியில் ஒரே மெட்டுக்கு இரண்டு மொழியிலும் பாடல் பதிவதற்கும் மிடி வசதியானது. சுருதியை மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம், மறுபடி வாசிக்கத் தேவையில்லை.

அப்படி 1998-ல் செய்த ஒரு பாட்டை இன்று திறப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பு பழுதில்லாமல் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் இருக்கிறது. மூன்றாவது சேனலில் 'பேங்க் 10,368, ஒலி 57' என்று கட்டளையும் இருக்கிறது. ஆனால் எந்தக் கருவியின் 57? குறிப்பு இல்லை. கருவியை எப்போதோ விற்றாகிவிட்டது. கலைஞர் தானே பாடுபட்டு உருவாக்கிய ஒலி என்றால் நிலைமை இன்னும் மோசம். பல பழைய சிந்தசைசர்களில் அந்த ஒலிகளைக் காப்பாற்றி வைத்திருப்பது உள்ளே இருக்கும் நாணய வடிவ பாட்டரிதான். அது தீர்ந்துபோனால் ஒலிகளும் போய்விடும். எண் மட்டும் மிஞ்சும். உள்ளே ஒன்றுமில்லாத டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் மாதிரி.

செப்பேடு சொல்லும் பாடம்

இந்த நிலைமை திருப்பதிக்குப் புதிதல்ல. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். வேங்கடவன் மேல் அவர் பாடியவை 32,000 என்பது மரபு. அவர் குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்து, திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சின்னக் கல் அறையில் வைத்தார்கள். நூற்றாண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்த ஏடுகள் 1920களில் வெளியே வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். அவற்றிலிருந்து கிடைத்தவை சுமார் 14,000 பாடல்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் ராகத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மெட்டு இல்லை. ஸ்வரக் குறிப்பு கிடையாது. பொறித்தவர்களின் காலத்தில் அதற்குத் தேவையும் இருந்திருக்காது. ராகத்தின் பெயரைச் சொன்னால் பாடிக் காட்ட வீட்டிலேயே ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் போனபோது மெட்டுகளும் போயின. ஏடுகளில் உள்ள சில ராகங்கள் இன்று வழக்கிலேயே இல்லை.

வழக்கில் உள்ள பெயர்களும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஏடுகளில் முகாரி இருக்கிறது. இன்றும் முகாரி இருக்கிறது. ஆனால் 1550-ல் எழுதப்பட்ட ராமாமாத்யரின் 'ஸ்வரமேளகலாநிதி', எல்லா ஸ்வரங்களும் சுத்தமாக வரும் முதல் மேளமாக முகாரியைச் சொல்கிறது. இன்றைய முகாரியோ கரகரப்பிரியாவின் ஜன்யம். பெயர் மாறவில்லை, உள்ளே இருப்பது மாறிவிட்டது. சிந்தசைசர்காரர்கள் பாஷையில் சொன்னால், அதே எண்ணில் வேறு பேட்ச்.

இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா இந்தப் பாடல்களைப் பதிப்பித்ததோடு பலவற்றுக்குப் புதிதாக மெட்டும் அமைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி தொடர்ந்தார். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978-ல் தொடங்கிய அன்னமாச்சாரியா திட்டத்தில் பாடகராகச் சேர்ந்த பாலகிருஷ்ண பிரசாத், 2025 மார்ச்சில் காலமாவதற்கு முன் 600-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைத்திருந்தார். இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் அன்னமய்யா பெரும்பாலும் இவர்கள் தந்த அன்னமய்யாதான். அவர்கள் உழைப்பும் ரசனையும் பெரியவை. இருந்தாலும் அவை அன்னமய்யா பாடிய மெட்டுகள் அல்ல. அவர் மெட்டு என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பட்டியலைச் சாமர்த்தியமாக அமைத்த முன்னோர்களும் உண்டு. 17-ம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். பின்னால் வந்தவர்கள் மேளத்தின் பெயருக்குள்ளேயே எண்ணை ஒளித்து வைத்தார்கள். மேசகல்யாணி என்றால் ம-வுக்கு 5, ச-வுக்கு 6. திருப்பிப் போட்டால் 65. தீரசங்கராபரணத்துக்கு அதே கணக்கில் 29. எண் தெரிந்தால் ஏழு ஸ்வரங்களும் தெரிந்துவிடும். பட்டியலிலிருந்தே அளவையை மீட்டுவிடலாம். சிந்தசைசரின் 57-லிருந்து எதையும் மீட்க முடியாது. மேளத்திலும் கிடைப்பது ஸ்வர வரிசை மட்டும்தான். மெட்டைப் பாடினவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே பெயர்ப் பட்டியல் அவசியம். அது மட்டும் போதாது. செய்ய வேண்டியவை அதிகமில்லை. பட்டியல் கோப்பைப் பாட்டின் கோப்போடு ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கருவியின் கம்பெனி, மாடல், எந்தச் சேனலில் எந்த ஒலி என்பதை ஒரு காகிதத்திலும் எழுதி வைக்க வேண்டும். சொந்தமாக உருவாக்கிய ஒலிகளை 'சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ்' என்ற மிடி வசதியின் மூலம் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க வேண்டும். பாட்டரியை அது தீரும் முன் மாற்ற வேண்டும். நகல் எடுத்த பிறகு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு சேனலையும் தனித்தனி ஒலிக் கோப்பாகப் பதிந்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சேனலுக்கு 50 மெகாபைட்; 16 சேனலுக்கு 800. ஒரு காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத அளவு. இன்று அது சட்டைப்பையில் கிடக்கும் மெமரி கார்டின் ஒரு மூலைக்குக் காணாது.

தாளப்பாக்கத்துக் குடும்பத்தாரிடம் செம்பு இருந்தது, பொறிக்க ஆள் இருந்தது. ஒலியைப் பதிந்து வைக்கும் வழிதான் இல்லை. வழி கையில் இருப்பவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.